வட்டெறிதலில் தூரம் எங்கிருந்து கிடைக்கிறது?

ஹைதராபாத் நகரின் மேற்கே, கச்சிபவுலியில் அமைந்துள்ள பாலயோகி தடகள அரங்கம் 2003-ஆம் ஆண்டின் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுகளின்போது இரு கண்டங்களின் வீரர்களையும் வரவேற்றது. 2007-இல் உலக இராணுவ விளையாட்டுகளும் இந்நகரில் நடைபெற்றன. இத்தகைய அரங்குகளில் வட்டெறிதலைக் காண்போரின் கண்ணில் முதற்கண் படுவது எறிபவரின் பருத்த தோளும் நீண்ட புயமுமே. ஆகவே, வட்டு தொலைவில் சென்று விழுவது புயபலத்தால்தான் என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணம் பள்ளித் திடல்களிலும் வேரூன்றியிருக்கிறது. வட்டு அருகில் விழுந்தால், "இன்னும் பலமாக வீசு" என்பதே மாணாக்கன் கேட்கும் அறிவுரை. அவ்வாறு வீசியும் தூரம் கூடாவிடின், உடலில் பலம் போதாதென்று அவன் வேறு ஆட்டத்திற்கு அனுப்பப்படுகிறான். உண்மையில் அவனிடம் குறைவாக இருந்தது பலம் அன்று. கால்களின் வரிசை முறையும், வட்டைக் காற்றில் சாய்த்து விடும் முறையுமே. இவ்விரண்டும் கற்பிக்கக் கூடியவை. கற்பிக்காமையால் ஒரு பிள்ளை இழக்கும் தூரம் சில அங்குலமன்று, பல மீட்டர்.

பலத்தைப் பற்றிய இவ்வெண்ணத்திற்கு நம் நாட்டு வரலாறும் ஓரளவு காரணம் எனலாம். ஆசிய விளையாட்டுகளில் ஆடவர் வட்டெறிதலில் இந்தியர் 1951, 1954, 1958, 1966, 1970 ஆகிய ஆண்டுகளில் தங்கப் பதக்கம் வென்றனர். கடைசி இரண்டையும் பாங்காக்கில் வென்றவர் பிரவீண் குமார், 1966-இல் 49.62 மீட்டரும் 1970-இல் 52.38 மீட்டரும் எறிந்தார். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் வெளிவந்த மகாபாரதத் தொடரில் பீமனாக நடித்தவரும் அவரே. பீமனாக நடிக்கத் தக்க உடல் இருந்தால்தான் வட்டெறிய முடியும் என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் 2010-இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் மகளிர் வட்டெறிதலின் மூன்று பதக்கங்களையும் இந்தியப் பெண்களே பெற்றனர். அவர்களுள் முதலாவதாக வந்த கிருஷ்ணா பூனியாவின் எறிதூரம் 61.51 மீட்டர். மகளிர் வட்டு ஒரு கிலோகிராம், ஆடவர் வட்டு இரண்டு கிலோகிராம் என்பதை மறத்தலாகாது. ஆயினும் இலகுவான வட்டு தானாகவே தொலைவு போய்விடுவதில்லை. இலகுவான வட்டைக் காற்று எளிதில் புரட்டிவிடும். அதனை எறிவதற்கு நுணுக்கம் மேலும் மிகுதியாக வேண்டும்.

வட்டு கையை விட்டு நீங்கிய பின்னர் எறிபவரால் செய்யத்தக்கது எதுவும் இல்லை. நீங்கும் கணத்தில் அதன் வேகம் என்ன, எக்கோணத்தில் எழுகிறது, எவ்வாறு சாய்ந்து சுழல்கிறது என்பனவே அதன் விதியை முடிவு செய்கின்றன. இவற்றுள் வேகமே தலையாயது. காற்றை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், எறிதூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வினாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் நீங்கும் பொருள் மிகுதியாக 33 மீட்டர் தூரம் செல்லும். 20 மீட்டர் வேகமாயின் ஏறத்தாழ 41 மீட்டர். 22 மீட்டராயின் 49 மீட்டருக்குச் சற்று மேல். வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது பௌதிக வகுப்பிற்கும் பயன்படும், விளையாட்டு வகுப்பிற்கும் பயன்படும்.

இவ்வேகம் எங்கே பிறக்கிறது? ஈரத் துணியை உதறுகின்ற பெண்ணைக் கவனித்தால் விடை கிடைக்கும். அவள் கை சிறிதளவே அசைந்து சட்டென நிற்கிறது. துணியின் கடைமுனையோ சாட்டை போல் சொடுக்குகிறது. கையில் பிறந்த அசைவு துணி நெடுக ஓடி, முனையை அடையும்போது வேகம் பெருகிவிடுகிறது. எறிபவரின் உடலிலும் இதுவே நிகழவேண்டும். பாதம் தரையை உந்துகிறது, முழங்கால் திரும்புகிறது, இடுப்பு அதனைத் தொடர்கிறது, பின்னர் மார்பு, அதன் பின்னர் தோள், யாவற்றிற்கும் இறுதியாகக் கை. ஒவ்வோர் உறுப்பும் தனக்கு முன்னதன் அசைவை ஏற்று, அதனுடன் தன் பங்கையும் சேர்த்து அடுத்ததற்கு அளிக்கிறது. கை முந்திக்கொண்டால் இச்சங்கிலி அறுந்துபோகும். கால்களும் இடுப்பும் சேர்த்து வைத்த வேகம் வட்டை அடையாமலே வீணாகும். உடலின் பெருந்தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன என்பதை எண்ணிப் பார்த்தால் இந்நட்டத்தின் அளவு விளங்கும்.

கைக்கு வேலையே இல்லையென்று கொள்ள வேண்டா. அதன் வேலை நீண்டிருப்பது. சுழலும் சக்கரத்தில் அச்சிற்கு அருகிலுள்ள புள்ளியைவிட விளிம்பிலுள்ள புள்ளி விரைந்து செல்வதை வண்டிச் சக்கரத்தில் காணலாம். சுழலும் உடலின் நடுவிலிருந்து வட்டு 90 சென்டிமீட்டர் தொலைவில் இருந்து வினாடிக்கு 22 மீட்டர் வேகத்தைப் பெறுகிறது எனக் கொள்வோம். முழங்கையை மடக்கியதால் அத்தொலைவு 80 சென்டிமீட்டராகக் குறைந்தால், உடல் அதே விரைவில் சுழன்றாலும், வட்டின் வேகம் 19.6 மீட்டராகிவிடும். மேற்கூறிய கணக்கின்படி 49 மீட்டர் சென்றிருக்க வேண்டிய வட்டு 39 மீட்டரில் விழும். திடலில் நட்டம் இவ்வளவு துல்லியமாக அமையாதென்பது உண்மையே. கையை மடக்கும்போது உடலின் சுழற்சி சற்று விரைவதும் உண்டு. இருப்பினும், வேகமாக வீசும் ஆவலில் முழங்கையை மடக்கும் சிறுவன் தன் தூரத்தைத் தானே வெட்டிக்கொள்கிறான் என்பதற்கு இக்கணக்கு போதிய சான்று.

இனிச் சுழற்சி. ஆசிரியர்கள் பலருக்கும் பழக்கமான வட்டெறிபவரின் உருவம், கிரேக்கச் சிற்பி மைரன் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வார்த்த சிலையின் பிரதிகளில் காணப்படுவது. அச்சிலையைப் பார்த்து நிலை கற்பித்தல் கூடாது. இக்காலத்து எறிமுறை அதனின்றும் வேறானது. இன்றைய எறிபவர், வட்டு செல்லவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்று, 2.50 மீட்டர் விட்டமுள்ள எறிவட்டத்தினுள் ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுழன்று எறிகிறார். சுழலத் தொடங்கியது முதல் வட்டு நீங்கும்வரை ஏறத்தாழ ஒன்றரை வினாடியே ஆகும். இச்சிறு காலத்திற்குள் பிழைகள் பல நுழைகின்றன.

இங்குக் கூறப்படுபவை வலக்கையால் எறிபவருக்கு உரியவை. இடக்கையருக்குத் திசைகளை மாற்றிக் கொள்க. முதல் அசைவில் உடலின் பாரம் இடது பாதத்தின் முன்பகுதிக்கு மாறவேண்டும். பாரம் மாறுமுன்பே தலையும் தோளும் திரும்பிவிட்டால் உடல் எறிவட்டத்தின் நடுவை நோக்கிச் சரிகிறது. பின்னர் அவர் எறிவதில்லை. விழாமல் தப்புவதற்கே பாடுபடுகிறார். திடலில் காணப்படும் பிழைகளுள் பெரும்பாலானவற்றிற்கு இதுவே வேர் எனக் கூறலாம். எனவே, எறிந்து முடிக்கும் நிலையைத் திருத்துவதில் நாட்களைச் செலவிடுவதற்கு முன், தொடங்கும் நிலையைத் திருத்துதல் நலம். இடது பாதத்தின் மேல் உடல் ஒரு கம்பம்போல் நிலைபெற்றபின், வலக்கால் அகன்று வீசி, எறிவட்டத்தின் நடுவில் வந்து ஊன்றவேண்டும். ஊன்றிய பின்னும் அப்பாதம் திரும்புவதை நிறுத்தலாகாது. குதிகால் தரையில் அழுந்த நின்றுவிட்டால் இடுப்பும் அங்கேயே நின்றுவிடும். மீதியைக் கைதான் செய்ய வேண்டியிருக்கும். வலது பாதம் முன்பகுதியில் நின்று, சிகரெட்டுத் துண்டைக் காலால் நசுக்குபவரின் பாதம்போல் தொடர்ந்து திரும்புகையில், இடக்கால் காலந் தாழ்த்தாமல் முன்விளிம்பருகே ஊன்றவேண்டும்.

அவ்விடக்கால் ஊன்றுவதில்தான் எறிதலின் உயிர் இருக்கிறது. விரைந்து செல்லும் பேருந்தைத் திடீரென நிறுத்தினால் உள்ளே நிற்பவர்கள் முன்னே தள்ளப்படுகின்றனர் அல்லவா? இடக்கால் உறுதியாக ஊன்றி உடலின் இடப்புறத்தைத் தடுத்து நிறுத்தும்போது, வலப்புறமும் அதன் முனையிலுள்ள வட்டும் அவ்வாறே முன்னே வீசப்படுகின்றன. இடக்கால் தளர்ந்து மடங்கினால் உடல் முழுவதும் வட்டோடு சேர்ந்து முன்னே ஓடும். வட்டுக்குக் கிடைக்கவேண்டிய வேகத்தை உடலே எடுத்துக்கொள்ளும். எறிந்தபின் எறிவட்டத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்து தவறிழைப்பவர்களுள் பலர் இப்பிழையைச் செய்பவர்களே.

இவ்வளவு நேரமும் வட்டு எங்கே இருக்கவேண்டும்? இடுப்பிற்குப் பின்னால். காளைகள் முன்னே செல்ல வண்டி பின்னே வருவதுபோல, இடுப்பு முன்னே திரும்ப, தோளும் கையும் இழுபட்டு வரவேண்டும். இடுப்பிற்கும் தோளுக்கும் இடையே உண்டாகும் இம்முறுக்கே இறுதியில் அவிழ்ந்து வட்டை விரைவிக்கிறது. முறுக்கிய கயிறு தானே அவிழ்வதை மாணாக்கர்க்குக் காட்டி இதனை விளக்கலாம்.

பிழை எங்குள்ளதென அறிய ஓர் எளிய சோதனை உண்டு. மாணாக்கனைச் சுழலாமல் நின்றவாறே ஐந்து முறை எறியச் செய்து, தூரங்களைக் குறித்துக்கொள்க. பின்னர்ச் சுழன்று ஐந்து முறை எறியச் செய்க. தேர்ந்த வீரர்களிடம் இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாடு பத்து மீட்டர் அளவிலும் இருப்பதுண்டு. மாணாக்கனிடம் வேறுபாடு மிகச் சிறிதாகவோ, சுழன்றெறிந்தது குறைவாகவோ இருந்தால், கைப்பயிற்சியும் எடை தூக்கும் பயிற்சியும் அவனுக்கு உடனடித் தேவையல்ல. வட்டில்லாமல், சுண்ணாம்பால் வரைந்த பாத அடையாளங்களின் மேல் மெல்லச் சுழன்று பழகுவதே தேவை. நின்றெறியும் தூரமே குறைவாக இருப்பின், வலது பாதமும் இடுப்பும் கைக்கு முன்னே திரும்புகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பிடிப்பைப் பற்றிச் சிறிது கூறினால் போதும். விரல்களைப் பரப்பி, முதற்கணுக்கள் மட்டும் வட்டின் விளிம்பைத் தழுவுமாறு வைக்கவேண்டும். கட்டைவிரல் பற்றுவதற்கன்று, சமநிலைக்கே. வட்டு ஆட்காட்டி விரலை இறுதியாகத் தொட்டு நீங்கும். சுண்டுவிரல் பக்கமாக நழுவினால் சுழற்சி தவறிவிடும். தொடக்கத்தில் வட்டைத் தரையில் சக்கரம்போல் நேராக உருளவிட்டுப் பழகினால், ஆட்காட்டி விரலால் அதனைச் சுழற்றும் உணர்ச்சி சில நாட்களிலேயே கைவரும்.

வட்டு கையை நீங்கியதும் காற்று தன் வேலையைத் தொடங்குகிறது. குண்டெறிதலில் காற்றை ஏறக்குறைய மறந்துவிடலாம்; வட்டெறிதலில் மறக்க முடியாது. வட்டு ஒரு சிறகு. அதன் அடிப்புறத்தில் காற்று மோதிச் செல்லும்போது அதனை மேலே தாங்கும் விசையும், பின்னே தள்ளும் தடையும் ஒருங்கே உண்டாகின்றன. தாங்கும் விசையை மிகுவித்துத் தடையைக் குறைப்பதே எறிபவரின் நோக்கம். காற்றில்லா வெளியில் 45 பாகைக் கோணம் மிகுதியான தூரத்தை அளிக்கும் என்பது பாடநூற் கணக்கு. வட்டை அக்கோணத்தில் எறிதல் தவறு. 35 முதல் 40 பாகைவரையே தகும். தாழ்ந்த கோணத்தில் மனித உடலால் மிகுந்த வேகத்தைத் தரமுடியும் என்பது ஒரு காரணம்; காற்றே பாதி வழியில் தாங்கிக்கொள்ளும் என்பது மற்றொன்று.

இங்கு நுட்பமான செய்தி ஒன்றுண்டு. வட்டு செல்லும் பாதையின் கோணமும், வட்டின் முகம் சாய்ந்திருக்கும் கோணமும் ஒன்றல்ல. நீங்கும் கணத்தில் வட்டின் முன்விளிம்பு பாதையைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது நல்லது. சுழலும் பம்பரம் தன் அச்சைக் காத்துக்கொள்வதுபோல, வினாடிக்கு ஏறத்தாழ ஆறு முதல் எட்டு முறை சுழலும் வட்டும் தன் சாய்வைப் பெரும்பாலும் மாற்றாமலே செல்கிறது. பாதையோ வளைந்து கீழ்நோக்கித் திரும்புகிறது. ஆகவே, ஏறும்போது காற்றைக் கிழித்துச் சென்ற அதே வட்டு, இறங்கும்போது தன் அடிப்புறத்தைக் காற்றுக்குக் காட்டி அதன்மேல் மிதந்து செல்கிறது. இறுதிச் சில மீட்டர்கள் இவ்வாறே கிடைக்கின்றன. மாறாக, முன்விளிம்பு தொடக்கத்திலேயே தூக்கியிருந்தால், காற்று அடிப்புறத்தை முழுமையாக அறைகிறது. வட்டு உயர எழும்பி, ஒரு கணம் தயங்கி, அருகிலேயே விழுந்துவிடுகிறது. பார்ப்பதற்கு இது அழகான எறி. அளவு நாடாவிற்கு அழகு தெரிவதில்லை. உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவதும், உடல் பின்னே சாய்வதும் இதற்குக் காரணங்கள். உள்ளங்கை தரையை நோக்கியவாறே எறியவேண்டுமெனக் கூறுவது போதுமான திருத்தமாகும்.

இதனை விளக்கத் தற்காலத்தில் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பறக்கும் தட்டு மிகவும் பயன்படும். மேலை நாடுகளில் இத்தட்டைச் சங்கிலிக் கூடையில் குறைந்த எறிகளில் சேர்க்கும் ஆட்டமும் உண்டு. அதில் தொலைவு எறிவோர் பின்பற்றும் விதிகளும் இவையே. சுழற்றாமல் எறிந்த தட்டு புரண்டு விழும். முன்விளிம்பு தூக்கிய தட்டு எழுந்து நின்று விழும். மேலிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் தட்டு இறுதியில் இடப்புறம் சாய்ந்திறங்குவதையும் காணலாம். வலக்கையர் எறியும் வட்டும் அவ்வாறே இடப்புறம் சாயும். காற்று முன்விளிம்பைத் தூக்க முயல்கிறது. சுழற்சியோ அம்முயற்சியைப் பக்கவாட்டுச் சாய்வாக மாற்றிவிடுகிறது. எடை குறைந்த இத்தட்டைச் சிறு பிள்ளைகளிடமும் அச்சமின்றித் தரலாம்.

காற்றின் திசையைப் பற்றிய பொதுவான எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. பின்னிருந்து வீசும் காற்று வட்டைத் தள்ளிச் செல்லும் எனப் பலர் நம்புகின்றனர். உண்மை இதற்கு மாறானது. எதிர்க்காற்றில் வட்டின்மேல் மோதும் காற்றின் வேகம் மிகுகிறது. அதனால் தாங்கும் விசையும் மிகுகிறது. முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி எறியத் தெரிந்தவருக்குச் சில மீட்டர்கள் கூடுதலாகக் கிடைக்கும். பின்காற்றில் வட்டு விரைவில் தரையை நாடும். அப்போது சற்று உயர்த்தி எறியவேண்டும். லிதுவேனிய வீரர் மிக்கோலஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் 75.56 மீட்டர் எறிந்து உலக சாதனை படைத்த இடம், எதிர்க்காற்றிற்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் ஒக்லஹோமா சமவெளியில் உள்ள ரமோனா. நூறு மீட்டர் ஓட்டத்திற்கும் நீளத் தாண்டுதலுக்கும் உள்ளதுபோல் காற்றின் வேகத்திற்கு வரம்பு எதுவும் வட்டெறிதல் சாதனைகளுக்கு இல்லை. இது நியாயந்தானா என்பது தனியே ஆராயத்தக்கது.

ஹைதராபாத்தில் இவ்வறிவை நேரடியாகப் பயன்படுத்தலாம். இந்நகர் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குக் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் ஐந்து சதவீதம் குறைவு. மெல்லிய காற்று ஓட்டக்காரருக்கு நன்மை. வட்டெறிபவருக்கோ தாங்கும் விசையைக் குறைப்பதால் சிறு நட்டமே. 1968-இல் 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மெக்ஸிகோ நகர ஒலிம்பிக்கில் குறுவோட்டத்திலும் நீளத் தாண்டுதலிலும் உலக சாதனைகள் தகர்ந்தன. வட்டெறிதலில் அவ்வாறு நேரவில்லை. ஹைதராபாத்தின் உயரத்தால் நேரும் இழப்பு அற்பமானது. ஜூன் முதல் செப்டம்பர்வரை மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று அதனைப் பன்மடங்கு ஈடு செய்யும். வலக்கையருக்கு மிகவும் உகந்தது வலமுன்புறமாக வரும் காற்று. இடப்புறம் சாயத் தொடங்கிய வட்டின் அடிப்புறம் வலப்பக்கம் நோக்குவதால், அக்காற்று அதனைத் தாங்கிப் பிடிக்கிறது. எனவே, இந்நகர்ப் பள்ளியொன்றில் எறிவட்டம் புதிதாக அமைக்கும்போது, வட்டு தென்மேற்கு நோக்கிச் செல்லுமாறு அமைத்தால் மேற்குக் காற்று வலமுன்புறமாகக் கிடைக்கும். மாலை வெயிலும் நேரே கண்ணில் விழாது. போட்டி அரங்கில் காற்றைத் தேர்ந்துகொள்ள முடியாதாகையால், பிற திசைகளிலும் இடையிடையே பழகுதல் வேண்டும்.

எறிவட்டத்தின் தரை சிமெண்டினால் ஆனதாயும், வழுக்காமலும், பாதம் திரும்ப முடியாதபடி மிகச் சொரசொரப்பாக இல்லாமலும் இருக்கவேண்டும். மண்தரையில் வலது பாதம் திரும்புவது அரிது. அங்கே கற்ற பிள்ளை, பாதத்தை நிறுத்திவிட்டுக் கையால் வீசவே கற்கிறான். முழங்காலுக்கும் அது கேடு. வட்டு விழவேண்டிய பரப்பின் இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள கோணம் 34.92 பாகை. கோணமானி இல்லாமலே இதனை வரையலாம்: எறிவட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டர் தொலைவில் இரு கோடுகளும் ஒன்றுக்கொன்று 12 மீட்டர் விலகியிருந்தால் கோணம் சரியாக அமையும்.

வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் வட்டு, ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் வட்டிற்கு ஒப்பான வேகத்துடன் தாக்கும். சுழலக் கற்பவரின் கையிலிருந்து அது எத்திசையிலும் நழுவக்கூடும். அதனாலேயே போட்டி விதிகள் குறைந்தது நான்கு மீட்டர் உயரமுள்ள வலைக்கூண்டை எறிவட்டத்தைச் சுற்றிக் கோருகின்றன. கூண்டு இல்லாத பள்ளியில் நின்றெறிதலை மட்டும் கற்பித்து, சுழற்சியை வட்டின்றியே பழக்குதல் வேண்டும். காத்திருக்கும் பிள்ளைகள் எறிபவருக்கு மிகவும் பின்னால் நிற்கவேண்டும். வலக்கையர் எறியும்போது வலப்பக்கத்தில் எவரும் நிற்றல் கூடாது, பிந்தி நழுவிய வட்டு இடப்பக்கமும் முந்தி நழுவியது வலப்பக்கமும் பறக்கும் என்பதால் இடப்பக்கமும் காலியாகவே இருக்கட்டும். எல்லோரும் எறிந்து முடித்தபின், ஆசிரியர் குறி காட்டியதும் ஒருங்கே நடந்து சென்று வட்டுகளை எடுத்து வரவேண்டும். எடுத்த வட்டைத் திரும்ப எறிந்து அனுப்புதல் ஒருபோதும் கூடாது, கையில் ஏந்தியே கொண்டுவரவேண்டும்.